மூச்சு முட்டும்போது எந்த மெஷின்?

(நூம்பலில் நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், சுவாச சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் சகோதரி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இந்த அறக்கட்டளை அலுவலகத்துக்கு மருத்துவ உதவி கேட்டு வருபவர்களில் பலர், "அத்தாவுக்கு மூச்சு முட்டுது, ஒரு மூச்சு மெஷின் இரவலா கிடைக்குமா?" என்று கேட்பதாகப் பொறுப்பாளர்கள் சொன்னார்கள். கேட்பவர்கள் அவசரத்தில் இருக்கிறார்கள். கொடுப்பவர்களுக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் 'மூச்சு மெஷின்' என்று ஒரே பெயரில் நாம் அழைப்பது வேறு வேறு வேலை செய்யும் பல மெஷின்களை. ஒருவருக்கு உயிர் காக்கும் மெஷின் இன்னொருவருக்கு ஆபத்தாகவும் முடியலாம். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கொரோனா சொல்லிக் கொடுத்ததும், சொல்லிக் கொடுக்காததும்

2021 மே மாதத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் காத்து நின்றன. அந்த நாட்களில் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் தொண்டு அமைப்புகளும் கடன் வாங்கியாவது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்களை வாங்கின. பல உயிர்களுக்கு அவை உதவின. அல்ஹம்துலில்லாஹ்.

அதே நாட்களில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டுக்கு வீடு வந்தது. "94க்குக் கீழே இறங்கினால் ஆபத்து" என்று குழந்தைகள்கூடச் சொல்லப் பழகின. கொரோனாவுக்கு அந்தப் பாடம் சரி. ஆனால் அன்று வாங்கிய அதே மெஷின்கள் இன்று யாருக்குப் போகின்றன? பெரும்பாலும் சி.ஓ.பி.டி. என்னும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு. பல வருடம் பீடி, சிகரெட் பிடித்தவர்கள், தூசியிலும் புகையிலும் வேலை செய்தவர்கள், வாழ்நாள் முழுவதும் விறகடுப்பு ஊதிச் சமைத்த நம் தாய்மார்கள். இவர்களில் பலருக்கு 94 என்ற கணக்கு பொருந்தாது. ஆக்சிஜன் கொடுக்கும்போது அவர்களுக்கு மருத்துவர்கள் வைக்கும் இலக்கு பெரும்பாலும் 88 முதல் 92 வரை.

ஏன் என்று கேட்பீர்கள்.

மூச்சுக்கு இரண்டு வேலை

மூச்சு விடுவதில் இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்ப்பது. இரண்டு, உடலில் உண்டாகும் கரியமில வாயுவை வெளியே தள்ளுவது. விரலில் மாட்டும் கருவி முதல் வேலையை மட்டும்தான் காட்டும். இரண்டாவது வேலை கெட்டுப் போயிருந்தால் அதில் தெரியாது. மணிக்கட்டுத் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து ஏ.பி.ஜி. பரிசோதனை செய்தால்தான் சரியாகத் தெரியும்.

சி.ஓ.பி.டி. உள்ளவருக்குக் காற்றுக் குழாய்கள் சுருங்கி, சளி அடைத்து, உள்ளே போன காற்று முழுவதும் வெளியே வராமல் தங்கிவிடுகிறது. மார்புத் தசைகளும் உதரவிதானமும் ஓயாமல் உழைத்துக் களைத்துப் போகின்றன. மூட்டை தூக்கிக் களைத்தவருக்குச் சுமையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். களைத்துப் போன மூச்சுத் தசைகளுக்கும் அப்படித்தான். அவற்றுக்குத் தேவை, காற்றை உள்ளே தள்ளி வேலையில் பாதியைப் பகிர்ந்துகொள்ளும் துணை. ஆக்சிஜன் மெஷின் அந்த வேலையைச் செய்யாது. அது மூக்கருகே ஆக்சிஜனைக் கொண்டு வந்து விடும், இழுக்க வேண்டியவர் நோயாளிதான்.

இப்படிப்பட்டவருக்கு வீட்டில் உள்ளவர்கள் பதறிப் போய், "98 வரட்டும்" என்று ஆக்சிஜனைக் கூட்டிக்கொண்டே போனால், விரல் கருவியில் எண் அழகாக ஏறும். உள்ளே கரியமில வாயுவும் சேர்ந்து ஏறும். நோயாளி அமைதியாகத் தூங்குவதுபோல் இருக்கும். "அல்லாஹ் காப்பாற்றினான், இப்போதுதான் கண் அயர்ந்தார்" என்று நாம் நினைப்போம். அது தூக்கமா, கரியமில வாயு தலைக்கேறிய மயக்கமா என்று எழுப்பிப் பார்த்தால்தான் தெரியும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா மாநிலத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்ட 405 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கம்போல் அதிக ஆக்சிஜன் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு 88 முதல் 92 வரை நிற்கும்படி அளந்து கொடுத்தார்கள். 2010இல் முடிவு வெளியானது. அதிகமாகக் கொடுத்த பிரிவில் 100க்கு 9 பேர் இறந்தார்கள், அளந்து கொடுத்த பிரிவில் 100க்கு 4 பேர். கையாண்ட ஆக்சிஜன் ஒன்றுதான், அளவுதான் வேறு. ஆக்சிஜனும் மருந்துதான். மருந்தைச் சீட்டில்லாமல் கூட்டிக் குறைக்க மாட்டோம் அல்லவா?

அதற்காக ஆக்சிஜனே கூடாது என்று நினைத்துவிடக் கூடாது. அளவு மிகவும் இறங்கியவருக்கு ஆக்சிஜன் கொடுக்காமல் இருப்பதும் உயிருக்கு ஆபத்து. எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும் என்பதுதான் செய்தி.

நான்கு மெஷின்கள்

இப்போது பெயர்களைப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர். அறையில் உள்ள காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிரித்துவிட்டு ஆக்சிஜனை மட்டும் செறிவாக்கித் தரும். வீட்டில் வைக்கும் 5 லிட்டர் மெஷின் சரியாக வேலை செய்தால் ஏறக்குறைய 93 சதவீத ஆக்சிஜன் தரும். நிரந்தரமாக ஆக்சிஜன் குறைந்துவிட்ட நோயாளிகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் வைக்கச் சொல்வார்கள். மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிடம் வைத்து எடுப்பதில் அவர்களுக்குப் பெரிய பயன் இல்லை.

இரண்டாவது சிபாப். மாஸ்க் வழியாக ஒரே சீரான அழுத்தத்தில் காற்றைத் தந்து, காற்றுப் பாதை மூடிப் போகாமல் திறந்து வைக்கும். தூக்கத்தில் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி விழிப்பவர்களுக்கு இது முக்கியமான சிகிச்சை. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை உருவாக்கி 1981இல் உலகுக்கு அறிவித்தார். இரவு முழுதும் படுத்திருந்தும் பகலில் தூங்கி விழுகிறவர்கள், அதிலும் பைபாஸ் சாலையில் லாரி, வேன், ஆட்டோ ஓட்டும் சகோதரர்கள், குறட்டைதானே என்று விடாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டவர்களுக்கும் மருத்துவமனையில் சிபாப் உதவும்.

மூன்றாவது பைபாப். இதில் இரண்டு அழுத்தம். மூச்சை இழுக்கும்போது அதிக அழுத்தத்தில் காற்றைத் தள்ளும். விடும்போது அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் களைத்த தசைக்குத் துணை. நான் சொன்ன கரியமில வாயு தேங்கும் நோயாளிக்கு வேண்டியது இதுதான். தேவைப்பட்டால் இதனோடு ஆக்சிஜனையும் இணைப்பார்கள்.

நான்காவது ஹை ஃப்ளோ. மூக்கில் வைக்கும் தடித்த குழாய் வழியாக, சூடாக்கி ஈரமாக்கிய ஆக்சிஜன் கலந்த காற்றை நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை கொடுக்கும். கொரோனா வார்டுகளில் பார்த்திருப்பீர்கள். இது பெரும்பாலும் மருத்துவமனையில் கையாளும் மெஷின்.

"மெஷின் வைத்தால் எடுக்க முடியாது" என்ற பயம்

மருத்துவமனையில் "பைபாப் வைக்கப் போகிறோம்" என்று சொன்னதும் பல குடும்பங்கள் அழ ஆரம்பித்துவிடுகின்றன. "வென்டிலேட்டரா? வேண்டாம் டாக்டர், வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடறோம்" என்பார்கள். இந்தப் பயத்தில் போகும் ஒன்றிரண்டு மணி நேரம்தான் நோயாளிக்கு மிகவும் விலை உயர்ந்த நேரம்.

ஐ.சி.யூ. வென்டிலேட்டரில் வாய் வழியாக மூச்சுக் குழாய்க்குள் டியூப் விட்டு, மயக்க மருந்து கொடுத்து வைப்பார்கள். பைபாப்பில் டியூப் கிடையாது, முகத்தில் மாஸ்க் மட்டும். நோயாளி விழிப்போடு இருப்பார். இடையில் கழற்றித் தண்ணீர் குடிக்கலாம், பேசலாம், கலிமா சொல்லலாம். வேண்டாம் என்றால் ஒரு நொடியில் எடுத்துவிடலாம்.

அதன் பலன் என்ன? 1995இல் ஐரோப்பிய மருத்துவமனைகளில் நோய் முற்றி வந்த 85 சி.ஓ.பி.டி. நோயாளிகளை வைத்து ஆய்வு செய்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 100க்கு 74 பேருக்கு டியூப் போட வேண்டி வந்தது. மாஸ்க் உதவியும் பெற்றவர்களில் 26 பேருக்குத்தான் அந்த நிலை வந்தது. இறப்பு 29லிருந்து 9 ஆகக் குறைந்தது. 2000இல் இங்கிலாந்தில் 236 நோயாளிகளுக்கு, ஐ.சி.யூ.வில் வைக்காமல் சாதாரண வார்டிலேயே மாஸ்க் உதவி கொடுத்துப் பார்த்தார்கள். அங்கும் மருத்துவமனையில் இறந்தவர்கள் 100க்கு 20லிருந்து 10 ஆகப் பாதியானார்கள். அதாவது, டியூப் போடும் நிலை வராமல் தடுப்பதற்காகத்தான் மருத்துவர் இந்த மாஸ்க்கைக் கேட்கிறார்.

எல்லோருக்கும் இது ஏற்காது என்பதையும் சொல்ல வேண்டும். எழுப்பினாலும் எழாதவர், வாந்தி எடுத்துக்கொண்டே இருப்பவர், முகத்தில் அடிபட்டவர், சளியைத் துப்ப முடியாதவர் ஆகியோருக்கு மாஸ்க் ஆபத்தாகலாம். மாஸ்க் வைத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். முன்னேற்றம் இல்லையென்றால் டியூப் வேண்டும் என்பார்கள். அப்போது "இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே" என்று இழுத்தடிப்பதும் தவறு. முதுமையாலோ தீராத நோயாலோ டியூப் வேண்டாம் என்று குடும்பமும் மருத்துவரும் கலந்து முடிவெடுத்தவர்களுக்கும், மூச்சுத் திணறலின் வேதனையைக் குறைக்க இந்த மாஸ்க் பயன்படும்.

கட்டிலருகே இருப்பவர் செய்ய வேண்டியது

மாஸ்க் சிகிச்சையில் பாதி வெற்றி கூட இருப்பவர் கையில் இருக்கிறது. முதல் அரை மணி நேரம்தான் கஷ்டம். முகத்தில் காற்று மோதும்போது நோயாளி பயந்து பிடுங்கப் பார்ப்பார். உடனே வார்களை இறுக்கிக் கட்டாமல், செவிலியர் சொல்கிறபடி மாஸ்க்கைக் கையால் முகத்தோடு மெதுவாகப் பிடித்திருங்கள். "அத்தா, மெஷின் தள்ளும்போது இழுங்க, அவசரமில்லாம விடுங்க" என்று காதருகே சொல்லுங்கள். மெஷினோடு மூச்சு இணைந்துவிட்டால் அவரே அமைதியாவார்.

நாற்பத்தைந்து டிகிரி அளவுக்குச் சாய்த்து உட்கார வையுங்கள். மாஸ்க் முகத்தில் இருக்கும்போது கஞ்சியோ பாலோ கொடுக்கவே கூடாது. இடைவேளை விடலாம் என்று செவிலியர் சொல்லும்போது மட்டும் கொடுங்கள். மூக்குத் தண்டில் சிவந்து புண் ஆகிறதா என்று பாருங்கள். தாடி உள்ளவர்களுக்கு ஓரத்தில் காற்று கசியலாம். அதற்கேற்ற அளவில் வேறு மாஸ்க் கேளுங்கள். மாஸ்க்கிலோ குழாயிலோ இருக்கும் சிறு துளைகள், விட்ட மூச்சு வெளியேறுவதற்கான வழி. "காற்று வீணாப் போகுதே" என்று அதைப் பிளாஸ்திரி போட்டு அடைத்துவிடாதீர்கள். விட்ட மூச்சையே மறுபடி இழுக்க வேண்டி வரும்.

குழந்தைகளுக்கு

நிமோனியாவில் திணறும் குழந்தைக்கும் இதே வழி உண்டு. பெயர் பபிள் சிபாப். குழந்தை விடும் மூச்சு ஒரு குழாய் வழியாகத் தண்ணீருக்குள் போய்க் குமிழியிடும், அந்தத் தண்ணீரின் ஆழம்தான் அழுத்தம். வங்கதேசத் தலைநகர் டாக்காவில் முஹம்மது ஜோபாயர் சிஸ்தி என்ற மருத்துவர், காலி ஷாம்பு பாட்டிலைக் கொண்டே இதை அமைத்தார். 2015இல் வெளியான அவரது ஆய்வில், சாதாரண முறையில் ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளில் 100க்கு 15 பேர் இறந்தார்கள். பபிள் சிபாப் பெற்ற குழந்தைகளில் 4 பேர். ஏழை நாட்டு மருத்துவமனையிலும் அறிவும் அக்கறையும் இருந்தால் உயிர் காக்க முடியும் என்பதற்கு இது சாட்சி. ஆனால் அதை மருத்துவர்களும் செவிலியர்களும் இரவு பகலாகக் கண்காணித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. குழந்தைக்கு விலா உள்ளே இழுத்தால், பால் குடிக்க முடியாமல் திணறினால், வீட்டில் எந்த மெஷினும் தேடாமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

சிலருக்கு மருத்துவமனையிலிருந்து வந்த பிறகும் இரவில் பைபாப் தேவைப்படும். 2017இல் வெளியான, இங்கிலாந்தில் நடந்த ஆய்வில், கரியமில வாயு தொடர்ந்து அதிகமாக இருந்த நோயாளிகளுக்கு வீட்டு ஆக்சிஜனோடு பைபாப் வகை மெஷினும் கொடுத்தபோது, மறுபடி மருத்துவமனையில் சேர்வதோ இறப்போ தள்ளிப் போனது தெரிந்தது. இரவல் மெஷின் என்பது வெறும் வசதி இல்லை, சிகிச்சையின் தொடர்ச்சி. ஆகவே கவனிக்க வேண்டியவை சில உண்டு.

அழுத்தத்தை நீங்களாக மாற்றாதீர்கள். மாஸ்க்கைத் தினமும் மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் காய வையுங்கள். ஹியூமிடிஃபயரில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றித் தினமும் மாற்றுங்கள். நம் சாலைத் தூசிக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், அதைப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று மெஷின் வந்த அன்றே யோசியுங்கள். யு.பி.எஸ். தாங்குமா, அருகில் சிலிண்டர் உண்டா என்று பார்த்து வையுங்கள். ஆக்சிஜன் ஓடும் அறையில் பீடி, சிகரெட், ஊதுபத்தி, சாம்பிராணி, கொசுவத்தி, அடுப்பு எதுவும் கூடாது. ஆக்சிஜன் சிறு பொறியையும் பெரிய தீயாக்கும்.

ரமளானில் ஒரு விஷயம். இரவில் மாஸ்க் வைப்பவர்கள் தராவீஹ் முடிந்து கொஞ்ச நேரமும், சஹருக்குப் பிறகு கொஞ்ச நேரமும் தூங்குவார்கள். இரண்டு தூக்கத்திலும் மாஸ்க் வேண்டும். நோன்பு வைக்கலாமா என்பதை ரமளான் வருவதற்கு முன்பே மருத்துவரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். நோன்புக்காக மெஷினையோ இன்ஹேலரையோ தாமாக நிறுத்திவிடக் கூடாது.

காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கக் கலக்கம், கை நடுக்கம், பேச்சில் பிதற்றல், உதடு நீலமாதல், ஒரு வாக்கியம்கூட முழுதாகப் பேச முடியாத திணறல் ஆகியவை கண்டால் 108ஐ அழையுங்கள். மெஷின் இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். "இவருக்கு சி.ஓ.பி.டி. இருக்கிறது" என்று ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லுங்கள். தொடர் சிகிச்சைக்குத் தாம்பரம் சானடோரியத்தில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், இன்று எல்லா நெஞ்சக நோய்களுக்கும் பார்க்கிறார்கள்.

அறக்கட்டளைக்கு ஒரு வேண்டுகோள்

நிறைவாக, இங்குள்ள பொறுப்பாளர்களிடம் உரிமையோடு சிலவற்றைக் கேட்கிறேன்.

இரவல் பதிவேட்டில் பெயரும் முகவரியும் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். மருத்துவர் சீட்டில்லாமல் மெஷின் கொடுக்க வேண்டாம். சீட்டில் நோயின் பெயர், எந்த மெஷின், எத்தனை லிட்டர் அல்லது எவ்வளவு அழுத்தம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், ஆக்சிஜன் அளவு எதிலிருந்து எது வரை இருக்க வேண்டும் என்ற ஐந்தும் இருக்கட்டும். அந்தக் கடைசி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுங்கள். நடு இரவில் பதறிப் போய்த் திருகைத் திருப்பப் போகும் மகனோ மருமகளோ அதைப் பார்ப்பார்கள்.

மெஷினை இரவல் கொடுங்கள், மாஸ்க்கையும் குழாயையும் ஒருவர் உபயோகித்ததை இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். அவற்றைப் புதிதாக வாங்கித் தர முடியாதவர்களுக்கு நன்கொடையிலிருந்து உதவுங்கள். திரும்பி வந்த கான்சன்ட்ரேட்டர் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் தருகிறது என்று சோதித்த பிறகே அடுத்தவருக்கு அனுப்புங்கள். மெஷினை எடுத்துச் செல்லும் வீட்டில் ஒருவரை உட்கார வைத்து அரை மணி நேரம் சொல்லிக் கொடுங்கள். மூன்றாம் நாள் ஓர் இளைஞர் போய்ப் பார்த்து வரட்டும். இங்கே இத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பயிற்சி கொடுக்க நான் வரத் தயார், இன்ஷா அல்லாஹ்.

நாளை யாராவது "மூச்சு மெஷின் இருக்கா?" என்று கேட்டு வந்தால், "எந்த மெஷின்? டாக்டர் என்ன எழுதியிருக்கிறார்?" என்று திருப்பிக் கேளுங்கள். சீட்டு இல்லையென்றால், மெஷினைத் தூக்கிக் கொடுத்து அனுப்புவதற்குப் பதிலாக நோயாளியை ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அன்று அதுவே பெரிய உதவி.